துவாயை அவிழ்த்துக்கொண்டு நின்றவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் குளங்களைப் பார்க்கிற திணைக்களமே தொப்பி கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. எனக்கு யாரும் தரவில்லை. கிளிநொச்சிச் சந்தையில் நானே ஒன்று வாங்கினேன். காக்கி நிறம், சுற்றிவர அகன்ற விளிம்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் இருபது வருடத்துக்கு மேல் வன்னிக் குளக்கட்டுகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நடந்தேன். நீர்மட்டம் எடுப்பதையும் கதவுக்குக் கிறீஸ் பூசுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் தொப்பியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாத ஆனால் தெரியாமல் இருக்கிற சில காரியங்கள்.

ஒரு வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் முதல் வேலையாக ஹெல்மெற்றைக் கழற்றுங்கள். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் கதைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முகம் மூடி வந்தவர்களைப் பார்த்த சனம் இது. ஹெல்மெற்றோடு நின்று “வீட்டிலை ஆரும் இருக்கிறீங்களோ?” என்று நான் கூப்பிட்ட ஒரு வீட்டில், உள்ளே இருந்த தாய் கதவை மூடிவிட்டு அரை மணித்தியாலம் திறக்கவில்லை. அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

வயலுக்கு முதல் தண்ணீர் திறக்கும்போது, மதகான துருசடியில் பொங்கல் பொங்குவார்கள். தேங்காய் உடைக்கும் நேரத்தில் ஆண்கள் எல்லோரும் தலையில் கட்டிய துவாய்த் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவார்கள். நீங்கள் சாமி கும்பிடுகிறவரோ இல்லையோ, தொப்பியைக் கையில் எடுங்கள். உச்சி வெயில் என்று சாட்டுச் சொல்லாதீர்கள். அந்த வெயில்தான் அவர்களுடைய தலையிலும் விழுகிறது.

இவ்வளவும் பழக்கம். பார்த்துப் பழகலாம். அடுத்தது அப்படிப் பழக முடியாத ஒன்று. அதில் நான் பிழை விட்டேன். அந்தக் குளத்தின் பெயரை எழுதமாட்டேன். முல்லைத்தீவுப் பக்கம், சின்னக் குளம். அங்கே இருந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பெண். எனக்கு முன்பு அந்தக் குளத்துக்கு வந்த உத்தியோகத்தர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் குளக்கட்டில் ஏறி வந்தால் வயல் செய்கிற கமக்காரர்கள் தலைத் துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு “வாங்கோ சேர்” என்பார்கள். நான் ஏறி வந்தால் துவாய் தலையிலேயே இருக்கும். “என்ன பிள்ளை, இந்தப் பக்கம்?” என்பார்கள். ஏதோ தொலைந்த மாட்டைத் தேடி வந்தவளைக் கேட்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் அவிழ்த்தான், யார் அவிழ்க்கவில்லை என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். தொப்பியை நான் ஒருநாளும் அந்த ஆட்களுக்கு முன்னால் கழற்றியதில்லை. நீ அவிழ்க்காவிட்டால் நானும் கழற்றமாட்டேன் என்ற பிடிவாதம்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக நின்றவர் கமக்காரர் அமைப்பின் தலைவர். அறுபது வயதைத் தாண்டியவர். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டியவர். தலைவருக்கு அந்தக் குளத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும். வாயும் நீளம்.

பட்டியலின் மற்றப் பக்கத்தில் ஒரேயொரு ஆள் இருந்தார். பெயர் பெருமாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த மலையகக் குடும்பம். கட்டின் அடியில், யாரும் விரும்பாத ஈர நிலத்தில், வீடு போட்டு இருந்தார்கள். அந்தக் காணிக்குப் பெர்மிற் இல்லை. அவரைப்போல அங்கே ஒன்பது குடும்பம். பெருமாள் என்னைத் தூரத்தில் கண்டாலே துவாயை அவிழ்த்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொள்வார். நான் தாண்டிப் போகும்வரை அப்படியே நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைப் பெருமாள் என்றுதான் கூப்பிடுவேன். தலைவரை ஐயா என்பேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மார்கழியில் நாலு நாளாக மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் அந்தக் குளத்துக்குப் போனேன். எட்டு மணி இருக்கும். குளம் விளிம்புவரை நிற்கிறது. மிஞ்சிய தண்ணீர் வழியவேண்டிய ‘வான்’ என்கிற கலிங்கில் பார்த்தால், உரப்பைகளில் மண் நிரப்பி இரண்டு வரிசை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை வீணாக விடாமல் இன்னும் ஒரு அடி பிடித்து வைக்கிற கெட்டித்தனம். நீங்களும் இதைக் காண்பீர்கள். எல்லாக் குளத்திலும் செய்வார்கள்.

தலைவரும் ஏழெட்டுப் பேரும் குளக்கட்டில் நின்றார்கள். தலைவரின் தலையில் துவாய், துவாய்க்கு மேல் ஷொப்பிங் பை.

“இந்த மூட்டையளை ஆர் அடுக்கினது?” என்று கேட்டேன்.

“தண்ணிதான் அடுக்கினது” என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஐயா, பகிடி விடாதேங்கோ. உடனை எடுங்கோ.”

“பிள்ளை, கோடையிலை சிறுபோகத்துக்குத் தண்ணி இல்லையெண்டால் நீங்களோ வந்து இறைச்சு ஊத்துவியள்? நீங்கள் பள்ளிக்கூடம் போகமுந்தியே இந்தக் கட்டு இருந்தது.”

மூட்டையை எடுக்கச் சொன்னது சரி. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த “பிள்ளை” எனக்குள் போய்க் குத்தியது. நான் வானை விட்டுவிட்டுத் துவாய்க்குப் போனேன்.

“போனமாதம் இஞ்சினியர் வந்தபோது துவாயை அவிட்டுக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இப்ப என்ன, தலையிலை ஒட்டிப்போச்சோ?”

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவர் வந்தது வெயிலுக்கை. இப்ப மழை. நனைஞ்சு காய்ச்சல் வந்தால் நீங்கள் மருந்து தருவியளோ?”

திரும்பவும் சிரிப்பு. நான் விடவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் சண்டை போனது. சுற்றுநிருபம், சட்டம், பொலிஸ் என்று நான் அடுக்கினேன். அவர் தகப்பன் வெட்டிய காடு, கண்ட யானை, செத்த பாம்பு என்று அடுக்கினார். இரண்டு பேருக்கும் வாய் நோகவில்லை.

சண்டை தொடங்கியதிலிருந்தே பெருமாள் அங்கே நின்றார். எங்களிலிருந்து பத்து அடி தள்ளி, வெறுந்தலையோடு, துவாயைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு. மழை அவருடைய மொட்டைத் தலையில் அடித்து முகத்தால் வழிந்தது. நான் கண்டேன். கண்டு என்ன செய்தேன் தெரியுமா? சந்தோசப்பட்டேன். அதோடும் நிற்கவில்லை. கையை நீட்டிக் காட்டித் தலைவரிடம் சொன்னேன்:

“அந்தாளைப் பாருங்கோ. படிப்பில்லாத மனுசன். அந்தாளுக்குத் தெரிஞ்ச மரியாதை உங்களுக்குத் தெரியேல்லை.”

பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் காறித் துப்பினார்.

பிறகு பொறியியலாளருக்குப் போன் அடித்து முறையிடுவோம் என்று என் மோட்டார் சைக்கிளடிக்குப் போனேன். அது பெருமாள் நின்ற பக்கத்தில் இருந்தது. போனை எடுத்தால் நனைந்துவிடும். தொப்பியைக் கழற்றி, போனுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டு இலக்கத்தைத் தேடினேன். நான் புத்தியோடு தொப்பியைக் கழற்றினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் எழுத மாட்டேன். போன் நனையாமல் இருக்கத்தான் கழற்றினேன்.

என் தலை வெறுமையான அந்த நேரம் பக்கத்தில் பெருமாளின் குரல்.

“மிஸ், ஒண்ணு சொல்லலாங்களா?”

“என்ன, கெதியாச் சொல்லும்.”

“கட்டுக்கு அடியில தண்ணி வருதுங்க. எங்க வீட்டுக்குப் பின்னால. செவந்த தண்ணி.”

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டின் அடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் நாளைக்கும் போய்ப் பார்க்கலாம். நிறத்தோடு வந்தால், கட்டின் மண்ணை உள்ளே இருந்து தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது மணித்தியாலக் கணக்கு. சிலவேளை அதுவும் இல்லை.

கட்டின் சரிவால் விழுந்தெழும்பி ஓடினேன். பெருமாளின் வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடி இருக்காது. நிலத்தில் சோற்றுப் பானை கொதிப்பதுபோலத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். சுற்றிவர மண் வட்டமாகக் குவிந்து கிடந்தது. குவிந்த மண்ணைப் பார்த்தால் இப்போது தொடங்கியது இல்லை என்று தெரிந்தது.

“எப்ப கண்டனீர்?”

“விடியக்காலைல, அஞ்சு மணிக்குங்க.”

என் கைக்கடிகாரத்தில் ஒன்பதாகப் போகிறது.

“இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் ஏன் நிண்டனீர்? உம்மடை வீடு, உம்மடை பிள்ளையள்!” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சொன்னார்.

“போன வருசக் கூட்டத்துல நான் எந்திரிச்சு வாய்க்கால் பத்திப் பேசினேன். நீங்கதான் மிஸ் சொன்னீங்க, பெர்மிட் இல்லாத ஆளுங்க எதுன்னாலும் தலைவர் மூலமா வரணும்னு. காலையில தலைவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அது வருசா வருசம் கசியிறதுதான், மிஸ் வரட்டும்னாரு. நீங்க வந்தீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்க. பெரியவங்க பேசுறப்போ...”

தலைவர் மூலமாக வர வேண்டும் என்ற அந்த வசனத்தை நான்தான் சொன்னேன். சொன்னது ஞாபகம்கூட இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது. தோட்டத்தில் அவருடைய தகப்பன் துரைக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, கேட்கும்வரை பேசாமல் நின்றவர். மகனையும் அப்படித்தான் பழக்கினார். அதை நான் மரியாதை என்று எடுத்துப் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். அது பயம். கேட்காமல் வாயைத் திறந்தால் அடி விழும் என்ற பயம். அந்த வழக்கத்துக்கு நான் வேறு போன வருடம் சீல் குத்திக் கொடுத்திருக்கிறேன்.

அழுவதற்கு நேரமில்லை. பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். வானிலுள்ள மூட்டையை இழுத்துவிட்டு, வானையும் வெட்டித் தாழ்த்தி, குளத்தை இறக்க வேண்டும் என்றேன்.

“வானை வெட்டினால் இடப்பக்க வயல் முழுக்கப் போகும். மேலிடத்து அனுமதி இல்லாமல் கை வைக்காதேங்கோ. நான் வந்து பாக்கிறன்.”

“எப்ப வருவியள் சேர்?”

“றோட்டுக்கு மேலாலை தண்ணி பாயுது. வத்தினவுடனை.”

போனை ஷொப்பிங் பைக்குள் சுற்றி வைத்தேன். றோட்டில் தண்ணீர் வற்றும் நேரம் இங்கே கட்டு இருக்காது. ஒன்பது வீடும் இருக்காது. அனுமதிக் கடிதம் மட்டும் பத்திரமாக இருக்கும். வெட்டுவது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் நான் தனியே வெட்ட முடியாது. மண்வெட்டி தலைவரின் ஆட்களிடம். வெட்டினால் முதலில் மூழ்குவது தலைவரின் வயல். அதுவும் கதிர் தள்ளப்போகிற பயிர். அரை மணித்தியாலத்துக்கு முன்பு அந்த மனிதரை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறேன்.

கட்டுக்கு ஏறினேன். “ஐயா, ஒருக்கால் கீழை வாங்கோ. நான் சொல்லுறதைக் கேக்க வேண்டாம். வந்து பாருங்கோ” என்றேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, இறங்கி வந்தார். பொங்குகிற இடத்தில் அவரே குந்தி, கையை உள்ளே விட்டார். உள்ளங்கையில் வந்த மண்ணைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். கட்டுமண். தகப்பன் சுமந்து கொட்டிய மண்.

“எட, இது கசிவில்லை” என்றார். பிறகு பெருமாளைப் பார்த்தார். “நீ காலமை சொல்லேக்கை இப்பிடியோ இருந்தது?”

“இதுல பாதிதாங்க இருந்திச்சு.”

தலைவர் எழும்பினார். தலையிலிருந்த ஷொப்பிங் பையைப் பிடுங்கி எறிந்தார். துவாயை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். எனக்காகச் செய்யவில்லை. குனிந்து வேலை செய்ய இடுப்புக் கட்டு வேண்டும்.

“ஐயா, முதல் போறது உங்கடை வயல்” என்றேன்.

“என்ரை வயல் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பெடியளை அங்காலை மூட்டை தூக்க விடுங்கோ.” கட்டுக்கு மேலே பார்த்துக் கத்தினார்: “வெட்டுங்கோடா!”

வானிலிருந்து எடுத்த அதே மூட்டைகளைக் கீழே உருட்டிக்கொண்டு வந்து, பொங்குகிற இடத்தைச் சுற்றி வளையமாக அடுக்கினோம். நடுவில் மணலும் சல்லியும் போட்டோம். ஊற்றை அடைக்கக் கூடாது, மண்ணைப் பிடித்துத் தண்ணீரை மட்டும் விட வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதற்கிடையில் ஒன்பது குடும்பத்தையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பெருமாளின் மனைவி ஏறமாட்டேன் என்று நின்றா.

“கோழிக்குஞ்ச விட்டுட்டு எப்பிடி வர்றது? அதக் குடுங்க மிஸ்” என்று என் கையிலிருந்த தொப்பியைப் பறித்தா. ஏழு குஞ்சுகளை அதற்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினா. அன்றைக்கு அந்தத் தொப்பி செய்த ஒரே நல்ல வேலை அதுதான்.

பின்னேரம் மூன்று மணிக்குக் குளம் இரண்டு அடி இறங்கியது. பொங்கிய தண்ணீர் முதலில் வெளிறியது, பிறகு தெளிந்தது. கட்டு நின்றது. வீடுகள் நின்றன. இடப்பக்கம் தலைவரின் வயல் இருந்த இடத்தில் குளம்போல வெள்ளம். அவர் வரம்பு இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார். தீப்பெட்டி நனைந்திருந்தது. பெருமாள் தன்னுடையதைக் கொடுத்தார்.

அடுத்த கிழமை எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. அனுமதியின்றி வானை வெட்டியது ஏன்? நான் எழுதினேன். கசிவை முதலில் கண்டவர் பெருமாள், காலை ஐந்து மணி. எனக்குத் தெரிய வந்தது ஒன்பது மணி. நான் எட்டு மணியிலிருந்து அங்கே நின்றேன். அவர் பத்து அடி தள்ளி நின்றார். தாமதத்துக்குக் காரணம் அவரைப் பேச வேண்டாம் என்று நான் முன்பு சொன்னதும், அன்று நான் அவரைக் கேட்காததும்.

பொறியியலாளர் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இதை ஏன் எழுதுறீங்கள்? வழமையான பரிசோதனையிலை கண்டுபிடிச்சதெண்டு எழுதினால் முடிஞ்சுது. ஒருத்தருக்கும் தெரியாது.”

“பெருமாளுக்குத் தெரியும் சேர்” என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் ஏறியது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தது. எனக்கு வெட்கமில்லை. வேறு விதமாக எழுதியிருந்தால்தான் வெட்கம்.

மாரிப் பயிரான காலபோகத்துக்குக் கூடிய அடுத்த கூட்டத்தில், கட்டுக்குக் கீழே குடியிருக்கிற யாரும், பெர்மிற் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு நேரே போன் எடுக்கலாம் என்று அறிவித்தேன். “அப்ப நாங்கள் என்னத்துக்கு?” என்று தலைவர் பாய்ந்தார். பாயட்டும். என் இலக்கத்தைத் துருசுச் சுவரில் பெயின்றால் எழுதினேன். பெருமாளை ஊருக்கு முன்னால் அண்ணை என்று கூப்பிட்டு, அன்று கை நீட்டிக் காட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் பாவம், துவாயைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, தொப்பியைக் கழற்றினால் சனம் கதைக்கும் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போகாதீர்கள். தொப்பி கழற்றுவது இலகு. எந்த மடையனும் கழற்றுவான். உங்களுக்கு முன்னால் ஒருவர் தலையை வெறுமையாக்கிக்கொண்டு பேசாமல் நின்றால், மற்ற எல்லாக் கதையையும் நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள். போய், “என்ன விசயம்?” என்று கேளுங்கள். துவாய் கட்டியிருக்கிறவனிடம் பிறகு போகலாம். அவன் தன் பாட்டைத் தானே கத்திச் சொல்லுவான்.

அடுத்த மாரி. ஒரு காலை, வட்டக்கச்சியில் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது.

“மிஸ், எங்க நிக்கிறீங்க?”

“வீட்டிலை, அண்ணை. என்ன?”

“வீட்டுல உக்காந்து என்ன பண்றீங்க? இங்க தண்ணி வருது. உடனே வாங்க. இன்னிக்கு மழைக்கு நாளைக்கா வருவீங்க?”

வைத்துவிட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி என்னை யாரும் ஏசியதில்லை. மழைக்குள் அவ்வளவு தூரமும் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். போய்ப் பார்த்தால் அதே இடம், வளையத்துக்கு வெளியே கொஞ்சம் ஈரம். கையில் ஏந்திப் பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது.

“தெளிஞ்ச தண்ணி, அண்ணை. பயமில்லை. இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

“பயமில்லைன்னு எனக்கும் தெரியும் மிஸ்” என்றார் பெருமாள். “அத நீங்க இங்க வந்து நின்னு சொல்லணும். கீழ தூங்குறது எங்க புள்ளைங்க.”

நான் அன்று பின்னேரம் வரை அங்கேயே நின்றேன்.